சாமி வரம் கொடுத்தாலும்… சீன அரண்மனை அண்ணகர்கள் அவ்வளவு கெட்டவர்களா?

#1 கடல்நாகை

வணக்கம். ரொம்ப நாளாக மனசில் கிடக்கிற கேள்வி. சீன அரண்மனைத் தொடர்கள் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. எதை எடுத்தாலும் வில்லன் ஓர் அண்ணகர் (விதை நீக்கப்பட்ட அரண்மனை ஏவலாள்), அதுவும் ஒரே அச்சு: மீசை தாடி இல்லாத முகம், கீச்சுக் குரல், கையில் சாமரம் மாதிரி ஒன்று, ராஜா காதில் ஓயாத குசுகுசு. முதல் பாகத்திலேயே தெரிந்துவிடும், இந்த ஆள்தான் கடைசியில் தலை போகிறவன் என்று.

போன வருஷம் கொழும்பு போனபோது தேசிய அருங்காட்சியகத்தில் காலி மும்மொழிக் கல்வெட்டைப் பார்த்தேன். 1911இல் காலி நகரில் ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்த்துப் போட்டிருந்த கல். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே பலகையில். 1409 தேதியிட்டது. சீனப் பகுதி புத்தருக்கு, தமிழ்ப் பகுதி இலங்கைத் தென்கோடித் தெவிநுவரையில் கோவில் கொண்டிருந்த தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு, பாரசீகம் இஸ்லாம் சார்ந்தது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் நீளுகிறது. இதைக் கப்பலில் கொண்டுவந்த செங் ஹே ஓர் அண்ணகர். யுன்னான் பக்கத்து முஸ்லிம் குடும்பத்துப் பையன். அப்போது சீனத்தை ஆண்ட மிங் வம்சத்தின் படை பிடித்துப்போய் விதை நீக்கி, இளவரசனுக்கு ஏவலாளாக விட்டார்கள். அந்தப் பையன்தான் பின்னாளில் 1405 தொடங்கி 1433 வரை ஏழு கடற்பயணம் நடத்தினார். முதல் பயணத்திலேயே 27,000க்கும் மேற்பட்ட ஆட்கள்.

ஒரு பக்கம் இந்தக் கல், இன்னொரு பக்கம் சீரியல் வில்லன். இரண்டுக்கும் நடுவில் எதை நம்புவது? சீன வரலாறு படித்தவர்கள் யாராவது வாருங்கள்.

#2 இரா_தூங்கி

கேப்டனே அந்த ஆளா?! அப்போ கப்பல் முழுக்க அலிப் படைதானா 😄

#3 மட்டுறுத்துநர்

இரா_தூங்கி, அந்தச் சொல் இங்கே வேண்டாம். அது வசவு. கூடவே, திருநங்கையர் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் விதை நீக்கப்பட்ட ஆண்கள், பெரும்பாலும் சிறுவயதில், அவர்கள் விருப்பத்தைக் கேட்காமல். தமிழ் விவிலியத்தில் வருகிற ‘அண்ணகர்’ நல்ல சொல். இந்த இழையில் அதையே வைத்துக்கொள்வோம்.

#4 பழைய_ஓலை

நல்ல இழை. என் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன் (சுருக்கம் எனக்கு வராது என்று பழையவர்களுக்குத் தெரியும்).

சீனத்தில் ஒரு வம்சம் முடிந்ததும் அதன் வரலாற்றை எழுதினவர்கள் யார்? தேர்வு எழுதி உத்தியோகம் வாங்கிய கன்பூசிய அதிகாரிகள். ராஜாவை நெருங்க அவர்களுக்குப் போட்டி யார்? அண்ணகர்கள். பாகப்பிரிவினைக் கதையை ஒரு பங்காளி மட்டும் எழுதிவைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அண்ணகர் தரப்பில் எழுதியது என்று கிடைப்பது மிகச் சொற்பம். மிங் வம்சத்தின் வரலாற்றை எழுதி முடித்ததே 1739இல், அடுத்த வம்சத்தின் அதிகாரிகள் கையால்.

ஹான் காலத்துக் கதை ஒன்று. கி.பி. 159. ஹுவான் பேரரசர் பெயருக்குத்தான் ராஜா, ஆட்சியெல்லாம் பட்டத்து ராணியின் அண்ணன் லியாங் ஜி கையில். முன்பு இருந்த சின்னப் பையன் ராஜாவுக்கு விஷம் வைத்ததே இவன்தான். சுற்றிலும் அவன் ஆட்கள், ராஜாவுக்குத் தனியாகப் பேச இடமே இல்லை. என்ன செய்தார் தெரியுமா? கழிப்பறைக்குப் போகும்போது கூடவந்த அண்ணகனிடம், ‘உங்களில் யார் யாருக்கு லியாங் வீட்டோடு ஆகாது?’ என்று கேட்டார். நாடாளும் ராஜாவுக்கு நம்பிப் பேச மிஞ்சிய இடம் கழிப்பறை, மிஞ்சிய ஆள் தண்ணி எடுத்துக் கொடுப்பவன். ஐந்து அண்ணகர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவன் கையைக் கடித்து அந்த ரத்தத்தில் சத்தியம் வாங்கினார் ராஜா. லியாங் ஜி ஒழிந்தான். ஐந்து பேருக்கும் ஒரே நாளில் பிரபுப் பட்டம்.

அப்புறம் அந்த ஐந்து பேரும் ஆடிய ஆட்டம் வேறு கதை, மறைக்கவில்லை. ஆனால் ராஜாவுக்கு வேறு யாரும் இல்லாதபோதுதான் இவர்கள் வளர்கிறார்கள் என்பதைப் பாருங்கள்.

இன்னொன்று: கி.பி. 105இல் மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை இவற்றிலிருந்து காகிதம் செய்யும் முறையை அரசருக்கு எடுத்துச் சொன்ன சாய் லுன் ஓர் அண்ணகர். அதற்கு முன்பும் காகிதம் இருந்தது, நல்லதாக்கியவர் இவர். அந்தக் காகிதத்தில்தான் பின்னால் வந்த அறிஞர்கள் அண்ணகர்களைத் திட்டி எழுதினார்கள்.

#5 மதுரைக்காரன்

ஓலை அண்ணே, வழக்கம்போல ஒரு தரப்புக்கு வக்காலத்து. எழுதினவன் எதிரி என்பதாலேயே எழுதினது பொய்யாகிவிடுமா?

சின் வம்சத்து அமைச்சர் சாவோ காவ், கி.மு. 207. அரசவைக்கு மானைக் கொண்டுவந்து நிறுத்தி ‘இது குதிரை’ என்றான். ‘மான்’ என்று சொன்னவர்களைக் குறித்துவைத்துத் தீர்த்துக்கட்டினான். இன்றைக்கும் சீனத்தில் ‘மானைக் காட்டிக் குதிரை என்பது’ பழமொழி.

மிங் அரண்மனை அண்ணகர் வெய் சோங்சியான், 1620கள். ராஜா தியான்ச்சிக்குத் தச்சு வேலைதான் உயிர். இவனும் ராஜாவுக்குப் பால் கொடுத்த செவிலித்தாய் கே அம்மாளும் சேர்ந்து நாட்டையே வைத்துக்கொண்டார்கள். 24 குற்றங்களை அடுக்கி 1624இல் மனு போட்ட அதிகாரி யாங் லியான் அடுத்த வருஷம் சிறையில் சித்திரவதையில் செத்தார். அண்ணகர் தலைமையில் நடந்த ‘கிழக்கு மனை’ என்கிற ஒற்றர் படை 1420இலிருந்து இருந்தது. அதெல்லாம் பங்காளிக் காய்ச்சலில் எழுதின கற்பனையா? செத்தவன் செத்தவன்தானே?

எங்க ஊருக்கு 1311இல் டில்லி சுல்தானின் அண்ணகத் தளபதி மாலிக் காபூர் வந்துபோனதையும் ஞாபகம் வைத்திருக்கிறோம், அது வேற அரசவை என்றாலும்.

#6 பழைய_ஓலை

மதுரை, சாவோ காவ் அண்ணகரே இல்லை என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கெட்டவன் என்றதும் பின்னாள் ஆட்கள் அந்த முத்திரையைக் குத்திவிட்டார்கள் என்பது அவர்கள் கட்சி. அதை விடுங்கள்.

வெய் சோங்சியானுக்கு நான் வக்கீல் இல்லை. ஆனால் அவன் உயிரோடு இருக்கும்போதே அவனுக்குக் கோவில் கட்டினார்களே, தெரியுமா? மாகாணம் மாகாணமாக. 1626இல் முதலில் ஆரம்பித்து வைத்தவர் செஜியாங் மாகாண ஆளுநர். தேர்வு எழுதி வந்தவர், அண்ணகர் அல்ல. பிறகு மற்ற ஆளுநர்களும் போட்டி போட்டுக் கட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று பின்னால் கேலி செய்த அதே வர்க்கம்தான் அவன் சிலைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டது. 1627இல் ராஜா மாறினார், இவன் நாடுகடத்தப்பட்டு வழியிலேயே தூக்குப் போட்டுக்கொண்டான். கோவில்களை இடித்தார்கள். கட்டினவர்கள் பெயர் எந்தச் சீரியலிலும் வருவதில்லை.

#7 தாலுகா_ஆபீஸ்

வருவாய்த் துறையில் முப்பத்தோரு வருஷம் இருந்தவன் என்ற முறையில் ஒரு கேள்வி. நல்லவன் கெட்டவன் விவகாரத்தை ஓரமாக வையுங்கள். ஃபைல் எப்படி நகர்ந்தது? அதைச் சொன்னால் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று நானே சொல்லிவிடுவேன்.

#8 பழைய_ஓலை

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி!

மிங் வம்சத்தை நிறுவிய ஹோங்வு 1380இல் முதலமைச்சர் பதவியையே ஒழித்தார். எல்லாக் காகிதமும் நேராக ராஜாவுக்கு. அவர் பேய் மாதிரி உழைக்கிறவர், சமாளித்தார். அண்ணகர்கள் மேல் அவருக்கும் பயம்தான். ‘அண்ணகர் அரசு விவகாரத்தில் தலையிட்டால் தலை போகும்’ என்று 1384இல் இரும்புப் பலகை அடித்து அரண்மனையில் நட்டார். படிக்கவும் விடக்கூடாது என்றார்.

மகன் யோங்லே அண்ணன் மகனை விரட்டிவிட்டு 1402இல் பட்டத்துக்கு வந்தவர். படித்த அதிகாரிகளில் பலர் இவரைத் திருடனாகவே பார்த்தார்கள். நம்புவதற்கு யார் இருந்தார்கள்? கூடவே வளர்ந்த ஏவலாட்கள். செங் ஹே அப்படி வந்தவர்தான். ஒற்றர் மனையும் இவர் ஆரம்பித்ததுதான்.

1426இல் பேரன் சுவான்டே அரண்மனைக்குள்ளேயே அண்ணகர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் கன்பூசிய அறிஞர்களே. இனி ஃபைலைப் பாருங்கள். மாகாணத்திலிருந்து மனு வரும். உள்செயலக அறிஞர்கள் படித்து, ‘இப்படி உத்தரவு போடலாம்’ என்று துண்டுச்சீட்டில் எழுதி மனு மேல் ஒட்டி அனுப்புவார்கள். ராஜா சிவப்பு மையில் எழுதினால்தான் உத்தரவு. ராஜா சிலவற்றை எழுதுவார், மிச்சத்தைச் சடங்குத் துறை அண்ணகர்கள் அவர் பெயரால் எழுதுவார்கள். ‘தூரிகை பிடிப்பவர்’ என்றே அவர்களுக்குப் பதவிப் பெயர். முத்திரை வைத்திருப்பவர் அதற்கும் மேலே.

வான்லி மாதிரி வருஷக்கணக்காக அரசவைக்கே வராத ராஜா கிடைத்தால்?

#9 தாலுகா_ஆபீஸ்

போதும், புரிந்துவிட்டது. நோட் போடுகிறவன் ஒருத்தன், கையெழுத்துப் போடுகிறவன் ஒருத்தன், நடுவில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போகிறவன் ஒருத்தன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள். சாமி வாயே திறக்காதவர் என்றால் பூசாரி சொன்னதுதான் அருள்வாக்கு.

நான் பார்த்த ஒரு பெரிய அதிகாரியின் டபேதார் இருந்தார். சம்பளம் சொற்பம். ஆனால் தாசில்தாரே அவரைப் பார்த்ததும் எழுந்துவிடுவார். ‘ஐயா மூடு எப்படி?’ என்ற கேள்விக்கு அவரிடம்தான் பதில் இருந்தது. அவர் நல்ல மனுஷன், ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டார். ஊழல் டபேதார் என்று வெளியில் பெயர் மட்டும் இருந்தது. உள்ளே போக முடியாமல் திரும்பினவர்கள் கொடுத்த பெயர்.

#10 வன்னிப்பூ

எல்லாரும் செங் ஹேயைத் தூக்கி வைச்சுக் கொண்டாடுறியள். எங்கட தீவில அவர் செய்ததையும் எழுதோணும்.

கல்லில காணிக்கை எண்டு இருக்கு. அதே மூன்றாவது பயணத்தில சண்டையும் நடந்தது. அப்ப எங்கட தீவில அதிகாரத்தைக் கையில வைச்சிருந்த வீர அழகேசுவரனோட மோதி, அவனையும் குடும்பத்தையும் பிடிச்சுக்கொண்டு 1411இல நான்கிங்குக்குக் கொண்டு போனவை. யோங்லே பிறகு விட்டுட்டார், அது வேற. ஆனால் ஒரு கையில பட்டு, மற்றக் கையில வாள். அண்ணகர் எண்டபடியால் பாவம் பார்க்கிறதும் ஒரு வகை இளக்காரம்தான் எண்டு எனக்குப் படுது. அவர் ஒரு பேரரசின்ர தளபதி. அப்பிடியே கணக்குத் தீர்க்கோணும்.

#11 கடல்நாகை

வன்னிப்பூ அக்கா, நூற்றுக்கு நூறு சரி. நான் கல்லைப் பார்த்து மயங்கிப்போய் இழையை ஆரம்பித்துவிட்டேன். அதை மறுக்கவில்லை.

ஓலை அண்ணன் சொன்ன பங்காளி விஷயத்துக்கு ஒன்று சேர்க்கிறேன். செங் ஹேயின் பயணக் குறிப்புகள் இன்று இல்லை. அவர் இறந்து சுமார் ஐம்பது வருஷம் கழித்து, இன்னோர் அண்ணகர் மறுபடி கடல் பக்கம் கண்ணை வைத்தபோது, போர் அமைச்சகத்து அதிகாரி லியூ டாசியா அந்த ஏடுகளை ஒளித்துவிட்டார், எரித்தார் என்றும் சொல்வார்கள். வீண் செலவு, செத்த ஆட்கள் எத்தனை என்று அவர் நியாயம் சொன்னதாகக் கதை.

#12 மதுரைக்காரன்

‘கதை’ என்று நீங்களே போட்டுவிட்டீர்கள், நல்லது. அந்தக் கதையை எழுதிவைத்ததும் அதிகாரிகள்தானே? லியூ டாசியாவைப் பாராட்டித்தான் எழுதினார்கள். ஆக, பங்காளிகள் எழுதினதில் உங்களுக்குச் சாதகமானதை மட்டும் நம்புகிறீர்கள் 🙂

#13 பழைய_ஓலை

சரியான அடி. வாங்கிக்கொள்கிறேன்.

#14 செவ்வந்தி

மூன்று நாளாக அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பேசுவதெல்லாம் ஒரு பத்துப் பேரைப் பற்றி. மிங் அரண்மனையில் பல்லாயிரம் அண்ணகர்கள் இருந்தார்கள். மிச்சப்பேர் என்ன செய்தார்கள்? கூட்டினார்கள், விறகு சுமந்தார்கள், பல்லக்குக்குப் பின்னால் ஓடினார்கள், அடி வாங்கினார்கள்.

மிங்குக்கு அடுத்து வந்த கடைசி வம்சமான சிங் காலத்தில் பெய்ஜிங் அரண்மனையின் மேற்கு வாசலுக்கு வெளியே கத்திக்காரர்கள் இருந்தார்கள். வைத்தியர்கள் இல்லை, அதையே பரம்பரைத் தொழிலாகச் செய்தவர்கள். காயம் ஆறும்வரை மூன்று நாள் தண்ணீர்கூடக் கிடையாது. மூன்றாம் நாள் சிறுநீர் வந்தால் பிள்ளை பிழைத்தது. வெட்டியதைப் பதப்படுத்தி ஒரு கலயத்தில் போட்டு உயரத்தில் வைப்பார்கள், பதவியும் அப்படி உயரட்டும் என்று. அதற்குப் பெயரே ‘பொக்கிஷம்’. பதவி உயர்வுக்கு அதைக் காட்ட வேண்டும். சாகும்போது கூடப் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபிறவியில் முழு ஆளாகப் பிறக்க முடியாது என்ற நம்பிக்கை.

முன்னோர் வழிபாட்டை மூச்சாக வைத்திருந்த சமூகத்தில் பிள்ளை பெறாதவனுக்குத் திதி கொடுக்க ஆளில்லை. அதனால்தான் பெய்ஜிங் சுற்றிலும் அண்ணகர்கள் அத்தனை கோவில்களுக்குப் பணம் கொட்டினார்கள். வயதானால் தங்க இடம், செத்தால் விளக்கேற்ற ஒரு சாமியார். தத்தெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. மூன்று ராஜ்ஜியக் கதையில் வரும் சாவ் சாவின் அப்பா, சாவ் டெங் என்ற அண்ணகருக்குத் தத்துப்பிள்ளைதான். எதிரிகள் அதை வெளிப்படையாகவே சொல்லிக்காட்டினார்கள்.

#15 இரா_தூங்கி

(முதல் பின்னூட்டத்துக்கு மன்னிப்பு.) ஒரு அப்பன் பெத்த பிள்ளைக்கு இதைச் செய்வானா? பிடித்துக்கொண்டு போனவர்கள் கதை வேறு. தானாகக் கொண்டுவந்து விட்டவர்கள்?

#16 செவ்வந்தி

செய்தார்கள். சுன் யாவோடிங் என்று ஒருவர், 1902இல் தியான்ஜின் பக்கம் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார். ஊர்ப் பெரிய மனிதரோடு தகராறு, குடும்பம் நடுத்தெருவில். அதே வட்டாரத்தில் பிறந்து அரண்மனைக்குப் போய்ப் பெரும் பணக்காரராகத் திரும்பிய அண்ணகர் ஒருவர் இருந்தார். அவரைப் பார்த்துத்தான் ஆசை. கத்திக்காரனுக்குக் கொடுக்கக் காசில்லை, அப்பாவே வீட்டில் செய்தார். பையனுக்கு எட்டு வயசு இருக்கும். சில மாதங்களிலேயே, 1912 பிப்ரவரியில், பேரரசு முடிந்துவிட்டது.

செய்தி வந்த அன்று அந்த அப்பா எப்படி இருந்திருப்பார் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனாலும் கடைசிப் பேரரசர் பூயி அரண்மனையிலேயே 1924 வரை இருந்தார் அல்லவா, இந்தப் பையனும் பிறகு உள்ளே போய் ஏவல் செய்தார், பூயியின் மனைவி வான்ரோங்குக்கும். 1923இல் அரண்மனையில் ஒரு மாளிகை எரிந்தது. திருட்டை மறைக்க அண்ணகர்கள்தான் கொளுத்தினார்கள் என்று சந்தேகப்பட்டு ஏறக்குறைய எல்லாரையும் ஒரேயடியாக வெளியே தள்ளினார் பூயி. பலருக்குப் போக வீடே இல்லை. சுன் யாவோடிங் பெய்ஜிங் கோவில் ஒன்றில் காலம் கழித்து 1996இல் இறந்தார். கடைசி அண்ணகர். அவருடைய ‘பொக்கிஷத்தை’ வீட்டார் கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் பயந்துபோய் ஒழித்துவிட்டார்கள்.

#17 தாலுகா_ஆபீஸ்

படித்துவிட்டு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

#18 மதுரைக்காரன்

செவ்வந்தி எழுதினதற்கு என்னிடம் பதில் இல்லை, பதில் தேவையும் இல்லை. என் வாதம் மேலே இருந்த பத்துப் பேரைப் பற்றியது, அதில் மாற்றமில்லை. 1449இல் வாங் சென் என்ற அண்ணகரின் பேச்சைக் கேட்டுப் போருக்குப் போன ராஜாவை மங்கோலியர் பிடித்துக்கொண்டு போனார்கள். ஹோங்வு நட்ட அந்த இரும்புப் பலகையை அகற்றியதும் இதே வாங் சென்தான் என்பார்கள்.

#19 பழைய_ஓலை

வாங் சென் அந்தப் போரிலேயே செத்தான். தலைநகரில் மிஞ்சியிருந்த அதிகாரிகள் என்ன செய்தார்கள்? அவனுடைய ஆளான காவல் தளபதி மா ஷுனை அரசவையிலேயே கையாலும் காலாலும் அடித்துக் கொன்றார்கள். எல்லாரும் நூல் படித்த கனவான்கள். அண்ணகர் கொடூரம் என்று பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். இதை வீரம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பிடிபட்ட ராஜா திரும்பிவந்து 1457இல் மறுபடி பட்டமேறியதும் வாங் சென் மீது குற்றம் சொல்லவில்லை. உடல் கிடைக்காததால் வாசனை மரத்தில் உருவம் செதுக்கி ஈமச்சடங்கு செய்தார். சின்ன வயசில் எழுத்தறிவித்த ஆள் அவருக்கு. வாங் சென் கட்டிய சிஹுவா கோவில் பெய்ஜிங்கில் இன்னும் இருக்கிறது, அங்கே தலைமுறையாகக் கைமாறி வந்த இசை இன்றும் வாசிக்கப்படுகிறது. யூடியூபில் தேடினால் கிடைக்கும், குழலும் சின்னச் சேகண்டிகளுமாக ரொம்ப மெதுவாகப் போகும்.

#20 வன்னிப்பூ

கடல்நாகை தம்பி, ஒண்டு கேக்கோணும். கல்லில செங் ஹேயின்ர பேர் மூண்டு மொழியிலயும் இருக்கோ? ‘அண்ணகர்’ எண்டு தமிழிலயும் வெட்டியிருக்கோ?

#21 கடல்நாகை

அக்கா, நான் எடுத்த படத்தில் கண்ணாடிப் பிரதிபலிப்பு அதிகம், எழுத்துத் தெரியவில்லை. அச்சில் வந்த வாசகத்தை வைத்துச் சொல்கிறேன். சீனப் பகுதியில் ‘தாய்ஜியான் செங் ஹே’ என்று பதவியோடு இருக்கிறது. மிங் காலத்தில் அது அரண்மனை அண்ணகர் துறைகளின் தலைமைக்கு மட்டும் உரிய பட்டம், பிற்காலத்தில்தான் எல்லா அண்ணகர்களுக்கும் பொதுப்பெயர் ஆனது. தமிழ்ப் பகுதியில் அப்படி ஒன்றும் கிடையாது. மகா சீனத்து ராசா நாயனாரின் புகழைக் கேட்டுக் காணிக்கை அனுப்பினார், கொண்டுவந்தவர்கள் அவருடைய தூதர்கள். அவ்வளவுதான். பெயரைக்கூடக் காதில் விழுந்தபடி எழுதியதில், செங் ஹே என்று நாமாகக் கண்டுபிடித்தால்தான் உண்டு.

அடுத்த மாதம் தம்பி கொழும்பு போகிறான். நல்ல படமாக எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் இங்கே போடுகிறேன்.